புதிதாக உரிமம் வாங்கிய பிள்ளைக்கு எந்தக் கார்?

பதினெட்டு வயது நிறைந்து ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்ததும், வீட்டில் நிற்பவற்றிலேயே மிகப் பழைய காரைப் பிள்ளையிடம் ஒப்படைப்பதும், அப்படி ஒன்று இல்லாத வீட்டில் பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடைக்குப் போய் இருப்பதிலேயே மலிவான காரைப் பார்த்து வாங்குவதும் நம் குடும்பங்களில் பரவலான வழக்கம். கற்றுக்கொள்கிற வண்டிதானே, எங்கேயாவது உரசினாலும் மனம் தாங்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். உரசலை மட்டும் கணக்கில் கொண்டால் இதில் குறையில்லை. தெருமுனைச் சுவரிலும் வீட்டுக் கேட்டிலும் கதவைத் தேய்க்காமல் கார் பழகியவர்கள் மிகச் சிலரே. ஆனால் மோதலைக் கணக்கில் கொண்டால், வீட்டிலுள்ளவர்களில் விபத்தைச் சந்திக்கும் வாய்ப்பு அதிகமுள்ள ஒருவரிடம், விபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் திறன் மிகக் குறைந்த வண்டியைக் கொடுக்கிறோம் என்பதுதான் இந்த வழக்கத்தின் பொருள். முதல் கார் எளிமையானதாக இருக்கலாம், கீறல் விழுந்ததாகக்கூட இருக்கலாம். மோதலைத் தாங்காததாக மட்டும் இருக்கக் கூடாது.

வயதைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. இந்தியாவில் கார் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சிறார் ஒருவர் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தச் சிறாருக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. ஆகவே இங்கே பேசப்படுவது பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவருக்கான கார்; பதினாறு வயதில் தெருவுக்குள் மட்டும் ஓட்டிப் பார்க்கக் கேட்கும் பிள்ளைக்கான கார் அல்ல.

புதிய ஓட்டுநரிடம் இல்லாதது கியர் மாற்றும் திறமை அல்ல. அது ஒரு மாதத்தில் கைவந்துவிடும். நின்றிருக்கும் பேருந்துக்கு முன்னாலிருந்து ஒருவர் சாலைக்குள் இறங்கக்கூடும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கும் பழக்கமும், எதிரே வரும் லாரியின் வேகத்தைச் சரியாக மதிப்பிடும் கணக்கும் ஆண்டுக்கணக்கில் ஓட்டித்தான் வரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகுமானால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே கார் 25 மீட்டர் கடந்திருக்கும். கண் தேர்ந்தவர் அந்த ஒன்றரை நொடியை ஒன்றாகச் சுருக்கிக்கொள்கிறார். புதியவருக்கு அது நீளும். அந்த இடைவெளியில் நேரும் பிழைக்கு உயிர் விலையாகிவிடாதபடி பார்த்துக்கொள்வதே காரின் வேலை.

அந்த வேலையைக் கார் எப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால், விற்பனைப் பிரசுரத்தின் பளபளப்புக்கு நடுவே தேவையானதைப் பிரித்தறிவது எளிதாகும். ஓடும் காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது; 40 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப் போல நான்கு மடங்கு ஆற்றல் 80 கிலோமீட்டரில் இருக்கும். மோதும்போது அவ்வளவு ஆற்றலும் எங்கேயாவது செலவாகியாக வேண்டும். நன்றாக வடிவமைக்கப்பட்ட காரில் முன்பகுதி நசுங்கி அந்த ஆற்றலை விழுங்கிக்கொள்ள, பயணிகள் அமர்ந்திருக்கும் கூடு நசுங்காமல் நிற்கும். தேங்காயின் நார்மட்டை அடியை வாங்கிக்கொள்ள, உள்ளே ஓடு உடையாமல் இருப்பது போன்றது இது. எனவே விபத்தில் முன்பக்கம் அப்பளமாகிப்போன ஒரு காரின் படத்தைப் பார்த்துவிட்டு அது மோசமான வண்டி என்று முடிவுகட்டுவது தவறு. கதவுகள் திறக்கின்றனவா, முன்கண்ணாடியைத் தாங்கும் தூண்கள் வளையாமல் நிற்கின்றனவா, கால் வைக்கும் இடம் உள்ளே நெரிபடாமல் இருக்கிறதா என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள்.

கூடு நின்றாலும், உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னே பாய்ந்துகொண்டிருப்பார். அவரைப் பிடித்து நிறுத்துவது சீட் பெல்ட். மோதிய பின் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிந்து, பெல்ட்டால் தடுக்கப்பட்ட உடலின் தலையையும் மார்பையும் ஏந்திக்கொள்வது ஏர்பேக். பெல்ட் அணியாதவர் முன்னே பாயும் வேகமும் விரிந்து வரும் ஏர்பேக்கின் வேகமும் நேருக்கு நேர் சந்திப்பதால், காக்க வேண்டியதே காயப்படுத்தவும் கூடும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, சீட் பெல்ட் அணியாததால் 16,715 பேர் உயிரிழந்ததாகக் கூறுகிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓட்டுநர்கள் அல்லர், பயணிகள். கூடு, பெல்ட், ஏர்பேக் ஆகிய மூன்றில் முதலாவது பலவீனமாக இருந்தால் மற்ற இரண்டாலும் பெரிய பயன் இல்லை.

இதை இந்தியர்களுக்குக் கண்முன் காட்டியது கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் வெளியிட்ட சோதனை. அப்போது இங்கே விற்பனையில் இருந்த ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின்மீது மோதவிட்டார்கள். ஏர்பேக் இல்லாத அடிப்படை வகைகளான ஐந்துமே பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கு ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அவற்றுள் மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10 ஆகிய மூன்றின் கூடு ஏர்பேக் வைத்தாலும் பயன்படாத அளவுக்கு வலுக்குறைவானது என்று சோதித்தவர்கள் கூறினர். ஃபோக்ஸ்வாகன் போலோவின் கூடோ நிலையாக நின்றது; அதே காரின் இரண்டு ஏர்பேக் கொண்ட வகை சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரம் வாங்கியது. இந்த ஒரு முடிவு இரண்டு பாடங்களைத் தருகிறது: ஏர்பேக் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, காரின் பெயரை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது, ஏனெனில் ஒரே பெயரில் விற்கும் இரண்டு வகைகளுக்கு இடையே உயிர் பிழைக்கும் அளவு வேறுபாடு இருக்கலாம்.

2023 அக்டோபர் முதல் இந்தியாவுக்கென்றே பாரத் என்கேப் என்ற மதிப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. அதில் 64 கிலோமீட்டர் வேக முன்மோதலோடு, 50 கிலோமீட்டர் வேகப் பக்கவாட்டு மோதலும், கம்பத்தின்மீது பக்கவாட்டில் மோதும் சோதனையும் உண்டு. பக்கவாட்டு மோதல் நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது. நான்குவழிச் சாலையின் இடைவெளிகளில் குறுக்கே திரும்பும்போது இடிபடுவது பெரும்பாலும் கதவுப் பக்கம்தான், அங்கே நசுங்கிக் கொடுக்க எஞ்சின் அறை போன்ற நீண்ட இடம் கிடையாது. மதிப்பீட்டைப் படிக்கும்போது எந்த ஆண்டு, எந்த விதிப்படி சோதித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018இல் இரண்டு நட்சத்திரம் பெற்ற மாருதி ஸ்விஃப்ட், விதிகள் கடுமையாக்கப்பட்ட பிறகு 2022இல் ஒரே நட்சத்திரம் பெற்றது. ஆகவே 2020இல் கிடைத்த நான்கு நட்சத்திரமும் இன்றைய நான்கு நட்சத்திரமும் சமம் அல்ல. அதற்காகப் பழைய மதிப்பீடு வீண் என்றும் ஆகாது. பழைய கார்களைத் தமக்குள் ஒப்பிட அது போதுமானது. குளோபல் என்கேப் அறிக்கையில் கூடு நிலையானதா, நிலையற்றதா என்று ஒரு வரி தனியே இருக்கும். நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் நான் அந்த வரியைத்தான் தேடுவேன்.

எல்லாக் காருக்கும் சோதனை முடிவு கிடைக்காது. அப்போது கைகொடுப்பது உற்பத்தி ஆண்டு. கடந்த சில ஆண்டுகளில் இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டவை அடுத்தடுத்து வந்தவை என்பதால், ஓராண்டு வித்தியாசம்கூடக் காரை வேறொரு காராக மாற்றிவிடுகிறது. 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்கான ஏர்பேக், முன் இருக்கைகளுக்கான சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலி, 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் வேக எச்சரிக்கை, பின்னால் எடுக்கும்போது தடையை உணர்த்தும் பின்பக்க உணரி ஆகியன வந்தன. 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களும் முன்மோதல், பக்கவாட்டு மோதல் சோதனைகளின் குறைந்தபட்ச அளவையாவது நிறைவு செய்ய வேண்டியதாயிற்று. 2021 டிசம்பர் இறுதியோடு முன் பயணிக்கான ஏர்பேக்கும் கட்டாயமாகிவிட்டது. இவற்றை வைத்து நான் சொல்லும் கணக்கு எளிது: 2022இலோ அதற்குப் பிறகோ உற்பத்தியானது கிடைத்தால் நல்லது, வசதி குறைவு என்றால் 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 (புகை அளவு விதி) வண்டி, அதற்கும் முந்தையது என்றால், இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள மேல்வகை என்று உறுதியானால் மட்டும் யோசிக்கலாம். ஆர்.சி.யில் உற்பத்தியான மாதமும் ஆண்டும் தனியே இருக்கும். பதிவு செய்த தேதியை அதுவென்று கொள்ளக் கூடாது. விற்பனைக் கூடத்தில் மாதக்கணக்கில் நின்றுவிட்டுப் பதிவான வண்டிகள் உண்டு.

ஏ.பி.எஸ். என்பது கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிப்போவதைத் தடுக்கும் ஏற்பாடு. சக்கரம் இறுகினால் கார் வழுக்கிக்கொண்டு நேரே போகும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது, ஏ.பி.எஸ். இருந்தால் பிரேக் பிடித்தபடியே விலகிச் செல்ல முடியும். அது வேலை செய்யும்போது பிரேக் மிதி காலடியில் கடகடவென்று அதிரும். முன்பின் அறியாத பிள்ளை ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து காலை எடுத்துவிடும். எனவே காலியான இடத்தில் ஒருமுறை வேண்டுமென்றே அழுத்திப் பிடிக்கச் செய்து அந்த அதிர்வைப் பழக்கிவிடுவது நல்லது. இதற்கு அடுத்த படி இ.எஸ்.சி. எனப்படும் நிலைப்புக் கட்டுப்பாடு. மழையில் வளைவிலோ, குறுக்கே வந்த ஆட்டுக்காகத் திடீரென்று ஒடித்துத் திருப்பும்போதோ, ஓட்டுநர் திருப்பிய திசைக்கும் கார் உண்மையில் போகும் திசைக்கும் இடையே மாறுபாடு வந்தால், அதை உணர்ந்து தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துக் காரை நேராக்குவது இது. பதற்றத்தில் அளவுக்கு மீறித் திருப்புவது புதியவர்களின் இயல்பான பிழை என்பதால், இந்த வசதி வேறு எவரையும்விட அவர்களுக்கே அதிகம் தேவை. பழைய சிறிய கார்களில் பெரும்பாலும் விலை உயர்ந்த வகைகளில்தான் இது கிடைக்கும். தொடுதிரை, கூரைக் கண்ணாடி, அலாய் சக்கரம் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுப்பது உத்தமம்.

எஞ்சின் விஷயத்தில் பிள்ளையின் ஆசையும் பெற்றோரின் விருப்பமும் மோதிக்கொள்ளும். 1.2 லிட்டர் அளவுள்ள, டர்போ இல்லாத, 80 முதல் 90 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின் முதல் காருக்குப் போதுமானது; நான்கு பேரோடு ஏற்காட்டு மலைப்பாதையில் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். டர்போ வண்டி, அழுத்திய மாத்திரத்தில் பாயும் இன்பத்தைத் தருகிறது. நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் லாரியை முந்தலாமா என்ற தயக்கம் எழும்போது அந்தப் பாய்ச்சலே முந்து என்று சொல்லிக்கொடுக்கும். உயரமான பெரிய வண்டி பாதுகாப்பு என்ற எண்ணத்திலும் பாதிதான் உண்மை. இரண்டு கார்கள் மோதினால் கனமானதில் இருப்பவருக்குச் சாதகம் உண்டு என்பது சரி. ஆனால் உயரம் கூடக்கூடத் திடீர்த் திருப்பத்தில் கவிழும் வாய்ப்பும், மூக்குக்கு முன்னாலும் தூணுக்குப் பின்னாலும் மறையும் பரப்பும் கூடுகின்றன. இந்தியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டிகளில் செல்பவர்கள்; பக்கத்தில் வரும் ஸ்கூட்டரைப் பார்க்க முடியாத வண்டியைப் புதியவரிடம் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட ஹேட்ச்பேக்கோ செடானோ இரண்டு பக்கத் தேவைக்கும் நடுவழி. பயன்படுத்திய கார்களில் 2020க்குப் பிந்தைய டாடா டியாகோ, ஆல்ட்ராஸ், பஞ்ச் ஆகியவற்றின் பெட்ரோல் வகைகளும், புதியது வாங்க முடிந்தவர்களுக்கு ஆறு ஏர்பேக்கும் நிலைப்புக் கட்டுப்பாடும் எல்லா வகைகளிலும் கொண்டு 2024இல் வந்து ஐந்து நட்சத்திரம் பெற்ற மாருதி டிசையரும் இந்த அளவுகோலுக்குள் வருகின்றன. இவை எடுத்துக்காட்டுகளே, பட்டியல் இவற்றோடு முடிவதில்லை.

கிளட்ச் இல்லாத வண்டி நல்லதா என்று பலரும் கேட்கிறார்கள். சாதாரண கியர் வண்டியில் பழகி உரிமம் எடுப்பது நல்லது, ஆனால் தினமும் ஓட்டத் தானியங்கி கியர் வண்டியைத் தருவதில் பிழை ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. மேம்பால ஏற்றத்தில் பின்னால் பேருந்து ஒட்டி நிற்க, கிளட்சோடு போராடும் கவனம் சாலைக்குத் திரும்பட்டும்.

பயன்படுத்திய காரைப் பார்க்கப் போகும்போது, "டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர்" என்ற வாசகத்தைக் கேட்டுப் புன்னகைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். மீட்டரில் காட்டும் கிலோமீட்டரைக் கம்பெனி சர்வீஸ் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். பலமாக அடிபட்டு டிங்கர் வேலை பார்த்த காரில், ஏர்பேக் விரிந்த பிறகு புதியது பொருத்தாமலே மூடியிருக்கக்கூடும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும், எரியவே இல்லை என்றாலும் அணையவே இல்லை என்றாலும் ஐயப்பட வேண்டும். சென்னை வண்டி என்றால் வெள்ளத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நீரில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்ச் சந்தைக்குப் போவது இயல்பு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பார்த்தால், சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கறை படிந்த கோடு காட்டிக்கொடுத்துவிடும். ஏர்பேக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி பெரும்பாலும் இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவே தாழ்வாக இருப்பதால், தரைவரை நீர் புகுந்த வண்டியை விலை எவ்வளவு குறைந்தாலும் பிள்ளைக்கு வாங்கக் கூடாது.

குறைபாட்டைச் சரிசெய்யத் தயாரிப்பாளரால் திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா என்பதையும் சேசிஸ் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் இணையதளத்திலோ சர்வீஸ் நிலையத்திலோ கேட்டுவிடலாம். தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் வாயுவை உண்டாக்கும் வேதிப்பொருள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் நாளடைவில் சிதைந்து, விரியும்போது உலோகச் சிதறல்களை வீசியதால் உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவில் ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்களின் பழைய கார்களும் அவற்றுள் அடங்கும். கடற்கரை மாவட்டத்துப் புழுக்கத்தில் பத்தாண்டு நின்ற வண்டிக்கு இந்த விசாரணை கண்டிப்பாகத் தேவை. மாற்றித் தருவது இலவசம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டை தேயாமல் இருந்தாலும் ஐந்தாறு ஆண்டுக்கு மேற்பட்ட டயர்களை மாற்றும் செலவை விலையிலேயே கழித்துப் பேசிக்கொள்வது நல்லது.

வாங்கியபின் சேர்க்கும் அலங்காரங்களில் சில, வாங்கிய பாதுகாப்பைக் குறைத்துவிடுகின்றன. பம்பருக்கு முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பி, நசுங்க வேண்டிய பகுதியின் நடத்தையையும் ஏர்பேக் உணரிகளின் கணிப்பையும் கெடுக்கிறது. அதற்குத் தடையும் உண்டு. கண்ணாடியில் ஒட்டும் கறுப்புப் படலத்தை உச்ச நீதிமன்றம் 2012இலேயே தடை செய்தது; இரவில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி அதற்குள்ளிருந்து கண்ணில் படாது. பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையின் ஓரத்திலிருந்து விரியும் கார்களில், சாதாரணத் தடித்த உறையை மாட்டினால் வழி அடைபடும். எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்காகப் பெல்ட் பூட்டில் செருகும் போலிக் கொக்கி பழைய உரிமையாளரின் அன்பளிப்பாகக் காரிலேயே கிடந்தால், அதைக் குப்பையில் போட்டுவிட்டு வண்டியை எடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் புதிய இளம் ஓட்டுநர்கள் இரவில் ஓட்டவும், தம் வயது நண்பர்களை ஏற்றவும் முதலில் கட்டுப்பாடு உண்டு; ஒத்த வயதினர் காரில் கூடும்போது விபத்து வாய்ப்பு கூடுகிறது என்பதே காரணம். நம் நாட்டில் அப்படிப் படிப்படியான உரிமம் இல்லை. வீடுதான் வரம்பு வகுக்க வேண்டும். ஏழு இருக்கை வண்டியை முதல் காராகத் தேர்ந்தால் அந்த வரம்பு முதல் வாரமே மீறப்படும் என்பதால், இருக்கைகளின் எண்ணிக்கையும் ஒரு பாதுகாப்பு முடிவே.

கடைசியாகக் காப்பீடு. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பழைய உரிமையாளர் சேர்த்து வைத்த கட்டணச் சலுகையான நோ கிளெய்ம் போனஸ் அவருடையது; வாங்குபவருக்கு வராது. ஆர்.சி.யோடு பாலிசியையும் பெயர் மாற்ற வேண்டும், பாலிசிக்குச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள். பலர் கவனிக்காத இடம் இதற்கு அடுத்தது. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் பதிவு உரிமையாளர் தாமே ஓட்டும்போது நேரும் விபத்துக்கானது. கார் அப்பா பெயரில் இருந்து மகளோ மகனோ ஓட்டினால், ஓட்டும் பிள்ளைக்கு அது பொருந்தாது. எனவே பாலிசி எடுக்கும்போதே, ஓட்டும் பிள்ளைக்கும் உடன் பயணிப்பவர்களுக்கும் விபத்துக் காப்பீட்டைத் தனியே சேர்க்கச் சொல்லி, அந்த வரி பாலிசித் தாளில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.